வீதியில் பத்து இலட்சம், அவையில் 412: பிரித்தானியா மறக்க விரும்பும் கணக்கு

2003 ஆம் ஆண்டின் ஈராக் போர் குறித்துப் பேச்செழும்போதெல்லாம் பிரித்தானியாவில் ஒரு கதை சொல்லப்படுகின்றது. மக்கள் எல்லோரும் போரை எதிர்த்தார்கள். ரொனி பிளேயர் என்ற தனிமனிதர், அமெரிக்க அதிபர் ஜோர்ஜ் புஷ்ஷிற்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக, பொய்யுரைத்து நாட்டைப் போருக்குள் இழுத்துச் சென்றார் என்பதே அந்தக் கதை. போரெதிர்ப்பு இயக்கத்தினர் அதனைச் சொல்கின்றனர். அன்று போருக்கு முரசறைந்தவர்களிற் பலரும் இன்று அதனையே சொல்கின்றனர். புலம்பெயர் தமிழர்களின் சந்திப்புக்களிலும், "பத்து இலட்சம் பேர் திரண்டும் பிளேயர் அசையவில்லை, இனித் திரண்டு ஆவதென்ன?" என்ற சலிப்பின் வடிவில் அதே கதை தலைகாட்டிச் செல்கின்றது.

கேட்பதற்கு இதமான கதைதான். எவரையும் அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை, ஒருவரைத் தவிர. ஆனால் அது பாதி உண்மையே. மறுபாதி மறைக்கப்பட்டிருப்பதனாலேயே, அந்தப் போருக்கு இன்றுவரை எவரும் பொறுப்புக்கூறாத நிலை நீடிக்கின்றது.

முதற்பாதியை எவராலும் மறுக்கவியலாது. 2003 பெப்ரவரி 15 ஆம் நாள், உறைய வைக்கும் குளிரில், இலண்டன் மாநகரம் அதுவரை கண்டிராத பெரும் பேரணி ஹைட் பார்க் திடலை நோக்கி நகர்ந்தது. காவல்துறை 7 இலட்சத்து 50 ஆயிரம் பேர் என்றது. ஏற்பாட்டாளர்களோ பத்து இலட்சம், இருபது இலட்சம் என்றனர். அதே நாளில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினர். இலண்டனில் நடந்தவர்களுள் வாழ்நாளில் ஒருமுறையேனும் பதாகை ஏந்தியிராத ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், கிராமத்துத் தேவாலயக் குழுவினரும், பிள்ளைகளைத் தோளிற் சுமந்த பெற்றோரும், இஸ்லாமிய இளைஞர்களும் இருந்தனர்.

பிளேயர் அன்று கிளாஸ்கோவில், தமது தொழிற்கட்சியின் மாநாட்டில் உரையாற்றிக்கொண்டிருந்தார். அங்கும் மண்டபத்திற்கு வெளியே மக்கள் திரண்டு நின்றனர். பேரணியில் ஐந்து இலட்சம் பேர் இருப்பின், அது சதாம் ஹுசைனால் மாண்டோரின் தொகையிலும் குறைவு என்றும், பத்து இலட்சமாயின், அது சதாம் தொடங்கிய போர்களில் மடிந்தோரின் தொகையிலும் குறைவு என்றும் அவர் விடையிறுத்தார். உயிரோடு நடந்தவர்களை இறந்தவர்களோடு தராசில் வைத்து நிறுத்த அந்த விடை, அப்போரின்போது சொல்லப்பட்ட சொற்களிலேயே மிகவும் கொடியது எனலாம்.

எனினும், அன்றைய பிரித்தானியா ஒரே குரலில் பேசவில்லை. பிளவு எங்கே ஓடியது என்பதைக் கவனிக்க வேண்டும். அது கட்சிக் கோட்டின் வழியே ஓடவில்லை. கட்சிகளையும் செய்தித்தாள்களையும் குடும்பங்களையும் குறுக்கே அறுத்துச் சென்றது. ஆளும் தொழிற்கட்சி இரண்டாகப் பிளந்தது. இயன் டங்கன் சிமித் தலைமையிலான பழமைவாதக் கட்சி, எதிர்க்கட்சியாக இருந்தும், போரில் அரசின் உறுதியான துணையாக நின்றது. அக்கட்சியின் மூத்த தலைவர் கென்னத் கிளார்க் போன்ற ஒரு சிலரே விலகி நின்றனர். சார்ள்ஸ் கென்னடியின் லிபரல் டெமோக்கிரட் கட்சி எதிர்த்தது. முர்டோக்கின் செய்தித்தாள்கள் போருக்காக முழங்கின. 'டெய்லி மிரர்' எதிர்த்தது. ஒரே நிறுவனத்தின் இரு தாள்களான 'கார்டியனும்' 'ஒப்சேவரும்' எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றன.

போரை ஆதரித்தவர்கள் அனைவரும் எண்ணெய் வெறியர்களும் அல்லர். சதாமின் சிறைகளில் நிகழ்ந்த சித்திரவதைகளைப் பல்லாண்டுகளாக ஆவணப்படுத்தி வந்த தொழிற்கட்சி உறுப்பினர் ஆன் குளுவிட் அம்மையார், குர்திய மக்களின் பெயரால் போரை ஆதரித்தார். 1988 இல் ஹலப்ஜாவில் நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட மக்களின் உறவினர்களுக்கு, "போர் வேண்டாம்" என்ற முழக்கம் எப்படி ஒலித்திருக்கும்? கொடுங்கோலரசிடமிருந்து தப்பிவந்து அந்நிய மண்ணில் வாழ்கின்ற எந்த மக்களும் அந்தக் கேள்வியை எளிதிற் கடந்து செல்லமுடியாது. இலண்டனில் வாழ்ந்த ஈராக்கிய அகதிகளே தமக்குள் இரண்டுபட்டு நின்றனர்.

ஆகவே, அது நேர்மையான பிளவு. போர் நீதியானதா, தேவையானதா, சட்டத்திற்கு உட்பட்டதா என்ற மூன்று கேள்விகளில் மக்கள் தத்தம் மனச்சான்றின்படி பிரிந்து நின்றனர். அந்த வாதத்தில் அரசு வென்றிருக்குமாயின், அதனை ஜனநாயகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அரசு வெல்லவில்லை. 2002 செப்ரெம்பர் 24 இல் வெளியிட்ட ஆவணக்கோவையில், ஈராக்கிடமுள்ள பேரழிவு ஆயுதங்களிற் சிலவற்றை 45 நிமிடங்களில் ஏவமுடியும் என்று அது எழுதியது. அந்தக் கூற்று களமுனைக் குறுந்தூர ஆயுதங்களைப் பற்றியது என்பது சொல்லப்படவில்லை. மறுநாள் 'சன்' நாளிதழ், பிரித்தானியர்கள் அழிவிலிருந்து 45 நிமிடத் தொலைவில் இருப்பதாகக் கொட்டை எழுத்தில் அலறியது. 2003 பெப்ரவரியில் வெளியான அடுத்த கோவையோ, ஓர் ஆய்வு மாணவரின் கட்டுரையிலிருந்து எழுத்துப்பிழைகளும் மாறாமல் பிரதி செய்யப்பட்டது என்பது சில நாட்களிலேயே அம்பலமாகி நகைப்புக்கிடமாயிற்று. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இரண்டாவது தீர்மானத்திற்கு ஆதரவு திரட்டும் முயற்சியும் தோற்றது.

வாதத்தில் வெல்லமுடியாத அரசு, கேள்வியையே மாற்றியது.

2003 மார்ச் 20 இல் போர் தொடங்கியது. அந்த நாளிலிருந்து "இப்போர் சரியா?" என்ற கேள்வி மறைந்து, "எமது படையினரோடு நிற்கின்றாயா, இல்லையா?" என்ற கேள்வி அதனிடத்தில் அமர்ந்தது. பெப்ரவரியில் போரை எதிர்ப்போரே ஆதரிப்போரை விடக் கூடுதலாக இருந்ததாகக் காட்டிய கருத்துக்கணிப்புக்கள், படைகள் எல்லை கடந்த சில நாட்களுக்குள் தலைகீழாயின. ஏப்ரல் 9 இல் பக்தாத் வீழ்ந்தபோது ஆதரவு உச்சத்தைத் தொட்டது. இந்த இரு மாத இடைவெளியில் ஈராக்கில் ஒரு நச்சுக்குண்டுகூடக் கண்டெடுக்கப்படவில்லை. புதிய சான்று எதுவும் வெளிவரவில்லை. எந்த வாதமும் புதிதாக முன்வைக்கப்படவில்லை. மாறியது ஒன்றுதான்: அடுத்த வீட்டுப் பிள்ளை பஸ்ராவுக்குப் போய்விட்டான். ஹைட் பார்க் மேடையில் போரை எதிர்த்து முழங்கிய கென்னடிகூட, சண்டை தொடங்கிய பின்னர் தமது கட்சி படையினருக்குத் துணைநிற்கும் என்றே கூறவேண்டியதாயிற்று. போரை எதிர்ப்பதும் படையினரை வெறுப்பதும் ஒன்றல்ல என்ற எளிய வேறுபாட்டை உரத்துச் சொல்லும் துணிவு, மிகச் சில தலைவர்களுக்கே இருந்தது. ஆனால் பள்ளி மாணவர்களுக்கு இருந்தது. வாக்குரிமை இல்லாத அச்சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்புக்களை விட்டு வெளியேறி நாடாளுமன்றச் சதுக்கத்திற்கு வந்தனர்.

கேள்வி மாறுவதற்கு முன்னர், அதனை உரிய வடிவில் எதிர்கொள்ளும் கடமை நாடாளுமன்றத்திற்கு இருந்தது. 2003 மார்ச் 17 இல் அவைத் தலைவர் பதவியைத் துறந்து ரொபின் குக் ஆற்றிய உரையில், பின்னாளில் விசாரணைகள் பல ஆண்டுகள் எடுத்துக் கண்டுபிடித்தவற்றின் சாரம் முழுவதும் இருந்தது. பேரழிவு ஆயுதம் என்ற சொல்லின் வழமையான பொருளில் ஈராக்கிடம் அத்தகைய ஆயுதம் அனேகமாக இல்லை என்று, வெளியுறவு அமைச்சராக இருந்து உளவு அறிக்கைகளைப் படித்த அந்த மனிதர் சொன்னார். அவை கைதட்டியது. எழுந்து நின்றும் கைதட்டினர். மறுநாள் மார்ச் 18 இல் அதே அவை, போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்தை 396 க்கு 217 என்ற வாக்குகளால் தோற்கடித்து, அரசின் தீர்மானத்தை 412 க்கு 149 என நிறைவேற்றியது.

இந்த எண்களைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். தொழிற்கட்சியின் 139 உறுப்பினர்கள் தமது தலைமைக்கு எதிராகத் திருத்தத்தை ஆதரித்தனர். ஆளுங்கட்சிக்குள் அத்துணை பெரிய கிளர்ச்சியைப் பிரித்தானியா அண்மைக்காலத்திற் கண்டதில்லை. பழமைவாதக் கட்சி அரசோடு நின்றிராமல் திருத்தத்தின் பக்கம் சாய்ந்திருப்பின், பிளேயர் தோற்றிருப்பார். தனிமனிதர் இழுத்துச் சென்றார் என்ற கதை இந்த இடத்தில் உடைந்து போகின்றது. பிளேயர் அழைத்தார், 412 பேர் நடந்து சென்று வாக்களித்தனர். அவர்களைக் கைவிலங்கிட்டு எவரும் கொண்டுசெல்லவில்லை. அரசு காட்டிய ஆவணக்கோவையின் தரத்தை எள்ளி நகையாடிய செய்திகள் அவர்கள் கைகளிலும் இருந்தன. சட்டமா அதிபர் கோல்ட்சிமித் பிரபு மார்ச் 7 இல் எழுதிய நீண்ட கருத்துரை ஐயங்கள் நிறைந்ததாக இருந்தது. மார்ச் 17 இல் அவைக்குக் கொடுக்கப்பட்டதோ ஐயமே இல்லாத ஒரு சிறு குறிப்பு. முழு உரையைக் காட்டாமல் வாக்களிக்கமாட்டோம் என்று அந்த 412 பேரும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கருத்துரை 2005 ஏப்ரலிலேயே முழுமையாக வெளிவந்தது.

விலை கொடுத்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. வெளியுறவு அமைச்சின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹேர்ஸ்ட் பதவி விலகினார். பாதுகாப்புச் சபை உறுப்பு நாடுகளை உளவுபார்க்குமாறு அமெரிக்கா விடுத்த வேண்டுகோளை அம்பலப்படுத்திய கதரின் கன், அரச இரகசியச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டார். 2004 பெப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. ஆயுத நிபுணர் டேவிட் கெலி 2003 யூலையில் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்த ஹட்டன் விசாரணையின் முடிவில், ஆவணக்கோவையை எழுதியவர்கள் பதவியில் நிலைத்திருக்க, அதனைக் கேள்விக்குட்படுத்திய பி.பி.சி.யின் தலைவரும் பணிப்பாளர் நாயகமும் வீடு செல்ல நேர்ந்தது.

அவையைத்தான் குறைகூறலாமா? 2005 மே மாதத்தில் மக்களிடமே கேள்வி வந்தது. அதற்குள் ஆயுதம் எதுவும் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. அபு கிரைப் சிறையின் படங்களை உலகம் பார்த்துவிட்டது. அத்தேர்தலில் தொழிற்கட்சி ஏறத்தாழ 35 வீத வாக்குகளையும், பழமைவாதக் கட்சி 32 வீத வாக்குகளையும் பெற்றன. போரை நடத்திய கட்சிக்கும் அதற்குத் தோள்கொடுத்த கட்சிக்குமாக, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் போய்ச் சேர்ந்தன. போரை எதிர்த்த லிபரல் டெமோக்கிரட் கட்சிக்குக் கிடைத்தது 22 வீதம். பொதுத்தேர்தலில் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் வரியும் சேர்ந்தே வாக்காகின்றன என்பது உண்மையே. கிழக்கு இலண்டனின் பெத்னல் கிறீன் தொகுதியில் ஜோர்ஜ் கலவே வென்றார் என்பதும், அரசின் பெரும்பான்மை 160 க்கு மேலிருந்து 66 ஆகச் சுருங்கியது என்பதும் உண்மையே. ஆயினும், வீதியில் நடந்த பத்து இலட்சத்தின் கோபம் வாக்குப்பெட்டியில் சிறு கீறலாக மட்டுமே பதிந்தது. பிளேயர் மூன்றாவது தடவையும் பிரதமரானார்.

இனி, மறதியின் கணக்கு. 2003 இல் போர்க்காலத்தில் யூகவ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்புக்களில், போர் சரியே எனக் கூறியோர் சராசரியாக 54 வீதம். 2015 இல் அதே நிறுவனம், "அன்று நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டபோது, அன்று போரை ஆதரித்ததாக ஒப்புக்கொண்டோர் 37 வீதம் மட்டுமே. பெரும்பான்மையாக இருந்த ஆதரவாளர்களில் ஒரு பெரும் பகுதியினர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் காற்றோடு கரைந்து போயினர். அவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்லவேண்டியதில்லை. மனித நினைவு வெட்கத்தை இப்படித்தான் கழுவிக்கொள்கின்றது. ஆனால் இந்த இனிய மறதிக்கு ஓர் அரசியற் பயன் உண்டு. எல்லோருமே எதிர்த்தவர்கள் என்றாகிவிட்டால், ஆதரித்தது யார் என்று எவரும் தேடமாட்டார்கள். 2021 இன் இறுதியில் பிளேயருக்கு அரச குடும்பத்தின் கார்ட்டர் விருது அறிவிக்கப்பட்டபோது, அதனை மீளப்பெறக் கோரிய மனுவில் பத்து இலட்சத்திற்கும் அதிகமானோர் கையொப்பமிட்டனர். எஞ்சிய 411 பேரைப் பற்றி அப்படியொரு மனு எழவில்லை.

எதிர்த்தவர்களின் குரலுக்கு என்ன நேர்ந்தது என்பதும் பேசப்படாத பக்கமே. 2001 யூன் முதல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் பதாகைகளோடு குடியிருந்தார் பிரையன் ஹோ என்ற தனி மனிதர். ஈராக் மீதான பொருளாதாரத் தடைகளுக்கு எதிராகத் தொடங்கிய அவரது போராட்டம் போர்க்காலத்திலும் தொடர்ந்தது. அவரை அகற்ற வழிதேடிய அரசு, 2005 இல் கொண்டுவந்த கடுங்குற்றங்கள் தொடர்பான சட்டத்தின் ஊடாக, நாடாளுமன்றத்தைச் சூழ ஒரு கிலோமீற்றர் வரையான பகுதியில் முன்னனுமதியின்றி ஆர்ப்பாட்டம் செய்வதைக் குற்றமாக்கியது. அதே ஆண்டில், ஈராக்கில் இறந்தோரின் பெயர்களைப் போர்வீரர் நினைவுத்தூணின் அருகே நின்று வாசித்தமைக்காக இருவர் கைதாகித் தண்டிக்கப்பட்டனர். இறந்தவர்களின் பெயரை வாசிப்பது குற்றம்! அந்தத் தூணோ இறந்தவர்களை நினைப்பதற்காகவே எழுப்பப்பட்டது.

தமிழர்களுக்கு இந்தச் சட்டம் அந்நியமானதன்று. 2009 ஏப்ரல் 6 இல், வன்னியில் குண்டுமழைக்குள் சிக்கியிருந்த உறவுகளுக்காக வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தில் அமர்ந்து, பின்னர் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 73 நாட்கள் நிலைகொண்ட தமிழ் மக்கள், ஈராக் போருக்கு எதிரான குரலை அடக்க இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின் நிழலிலேயே நின்றனர். முன்னனுமதி எதுவும் பெறாமலே அவர்கள் திரண்டனர். பிரையன் ஹோவின் பதாகைகள் அப்போதும் அதே சதுக்கத்தில்தான் இருந்தன. 2011 இல் அவர் மறைந்தார். அனுமதி கோரும் அப்பிரிவை நீக்கும் சட்டமும் அந்த ஆண்டிலேயே இயற்றப்பட்டது.

இரு போர்களுக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு: எண்ணப்படாத பிணங்கள். ஈராக்கில் மடிந்த பிரித்தானியப் படையினர் 179 பேர். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது, அது முறையே. மடிந்த ஈராக்கிய மக்களை எண்ணும் பொறுப்பைப் பிரித்தானிய அரசு ஏற்கவில்லை. உயிரிழந்தோரின் தொகையைக் கண்டறிவதற்குச் செலவிட்ட நேரத்திலும், அது எந்தத் திணைக்களத்தின் வேலை என்று விவாதிப்பதற்கே கூடுதலான நேரம் செலவிடப்பட்டது என்று சில்கொட் விசாரணை பின்னர் குறிப்பிட்டது. வன்னியில் கொல்லப்பட்டோர் பற்றித் தன்னிடமிருந்த தரவுகளை ஐ.நா. உரிய வேளையில் வெளியிடத் தவறியதை, 2012 நவம்பரில் அதன் சொந்த உள்ளக மீளாய்வு அறிக்கையே கண்டித்தது. தொகை தெரியாத மரணத்தில் பொதுமக்கள் இரண்டுபடுவதற்கும் எதுவுமில்லை.

பேரணிகளால் பயனேதும் இல்லை என்று சலிப்போர் 2013 ஓகஸ்ட் 29 ஐ நினைவிற் கொள்ளட்டும். சிரியா மீது படைநடவடிக்கை எடுப்பதற்கு வழிகோலும் அரசின் தீர்மானத்தை, பிரித்தானிய நாடாளுமன்றம் 285 க்கு 272 என்ற வாக்குகளால் நிராகரித்தது. அந்த இரவின் விவாதத்தில் ஈராக் என்ற சொல் ஓயாமல் ஒலித்தது. அந்த வாக்கெடுப்பு சிரிய மக்களுக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பது வேறு வழக்கு. ஆனால் உளவுத்தகவல் என்று அரசு நீட்டிய தாளை வாங்கிப் படிக்காமல் தலையசைக்க உறுப்பினர்கள் அஞ்சினர். தொகுதி மக்களின் கடிதங்களும் அலுவலக வாசலில் வந்து நின்ற வாக்காளர்களும் அந்த அச்சத்தை விதைத்தனர். 2003 இல் வீதிக்கு வந்தவர்கள் எல்லோரும் தத்தம் தொகுதி உறுப்பினரின் வாசலுக்கும் வந்திருப்பார்களாயின், 412 என்ற எண் அதே எண்ணாக இருந்திருக்குமா?

2016 யூலை 6 இல் சில்கொட் அறிக்கை வெளிவந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் அறிவிக்கப்பட்ட விசாரணை அது. 26 இலட்சம் சொற்கள். ஆயுதக் களைவிற்கான அமைதி வழிகள் முற்றுப்பெறும் முன்னரே பிரித்தானியா படையெடுப்பில் இணைந்தது என்றும், போர் அந்த வேளையில் இறுதி வழியாக இருக்கவில்லை என்றும் அது முடிவுரைத்தது. படையெடுப்பிற்கு எட்டு மாதங்கள் முன்னர், 2002 யூலையில், எது வந்தாலும் உடனிருப்பேன் என்று புஷ்ஷிற்குப் பிளேயர் எழுதிய குறிப்பும் வெளியாயிற்று. நாளிதழ்கள் பலவும் அவரது முகத்தை முதற்பக்கத்தில் அச்சிட்டன. அவ்வாண்டு நவம்பர் 30 இல், போருக்கு முன்னர் நாடாளுமன்றத்திற்குச் சொல்லப்பட்டதற்கும் மறைவில் முடிவெடுக்கப்பட்டதற்கும் இடையிலான முரணை நாடாளுமன்றக் குழு ஆராயவேண்டும் என்ற தீர்மானத்தை ஸ்கொட்லாந்து தேசியக் கட்சியினர் கொண்டுவந்தனர். அவை அதனை 439 க்கு 70 என்ற வாக்குகளால் தோற்கடித்தது. 2003 மார்ச் 18 இல் போருக்கு ஆம் என்று வாக்களித்தவர்களிற் பலர் அன்றும் அந்த அவையின் இருக்கைகளில் அமர்ந்திருந்தனர்.